சாலை 80 என்கிறது, பலகை 50 என்கிறது

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் இது. வயது 46. 22 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறார். ஒரு விபத்துகூட இல்லை. அலுவலகம் போகும் வழியில் 6 கி.மீ. நீளத்துக்கு ஒரு நான்குவழிச் சாலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதை அகலப்படுத்தி, நடுவில் தடுப்பும் கட்டியிருக்கிறார்கள். வேக வரம்புப் பலகையில் மட்டும் பழைய 50 (மணிக்கு கி.மீ.) அப்படியே நிற்கிறது. அங்கே ஒரே மாதத்தில் இரண்டு முறை கேமராவில் சிக்கிவிட்டார். முதல் முறை 71. அவசரத்தில் போனதை ஒப்புக்கொள்கிறார். இரண்டாம் முறை 64. ஆனால் ஸ்பீடோமீட்டர் 60ஐத் தாண்டவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். இன்னொரு முறை சிக்கினால் ஓட்டுநர் உரிமம் சில மாதங்களுக்குப் பறிபோகும்.

அவருடைய வாதங்கள் இவை: சாலையே வேகமாகப் போகத்தான் கட்டப்பட்டிருக்கிறது, எல்லோரும் 65, 70இல் போகும்போது 50இல் ஊர்கிறவர்தான் ஆபத்து, இன்றைய கார்களின் பிரேக் வேறு தரம், ஜெர்மனியில் வரம்பே கிடையாது, இதெல்லாம் அபராத வசூலுக்கான ஏற்பாடு. வீட்டிலும் ஒரு சிக்கல். பழகுநர் உரிமம் வைத்திருக்கும் 19 வயது மகள், அதே சாலையில் 50ஐத் தாண்ட மறுக்கிறாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க, ‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு’ என்று இவர் அதட்ட, மகள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மூன்று வாரமாக அவருடன் காரில் ஏறவில்லை. வழக்காடலாமா, அந்த வரம்பு நியாயம்தானா, மகளிடம் என்ன சொல்வது என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. எந்தப் பாதி என்பதில்தான் நீங்களும் நானும் வேறுபடுகிறோம்.

நான் போக்குவரத்துப் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பலகையில் எந்த எண்ணை எழுதுவது என்று முடிவு செய்த கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். சில எண்கள் அளந்து பார்த்து எழுதியவை. சில, பக்கத்துச் சாலையில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதியவை. ஒருமுறை சாலைப் பணிக்காக 30 என்று ஒரு தற்காலிகப் பலகை வைக்கச் சொன்னேன். பணி முடிந்து எட்டு மாதம் கழித்து அந்த வழியே போனபோதும் அது அங்கேயே நின்றது. எடுக்கச் சொல்லி எழுத வேண்டியவன் நான்தான், மறந்துவிட்டேன். அந்த எட்டு மாதத்தில் அந்த வழியே போன ஒவ்வொருவருக்கும் ‘பலகை பொய் சொல்லும்’ என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆகவே எல்லா வரம்பும் சரியானது என்று உங்களிடம் வாதாட மாட்டேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

பல பத்தாண்டுகளாக, குறிப்பாக அமெரிக்காவில், வழக்கத்தில் இருந்த முறை ஒன்று உண்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் வண்டிகளின் வேகத்தை அளப்பார்கள். நூற்றுக்கு 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றனவோ, அதை ஒட்டி வரம்பு வைப்பார்கள். பெரும்பாலோர் புத்தியுள்ளவர்கள், சாலையைப் பார்த்துத் தங்களுக்குத் தகுந்த வேகத்தைத் தேர்ந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. உங்கள் முதல் வாதமும் இதுதான். பழைய பொறியாளர்கள் உங்கள் பக்கம் இருந்திருப்பார்கள்.

ஆனால் இந்த முறையில் இரண்டு ஓட்டைகள். வரம்பை 60 ஆக்கினால் சிலர் 70இல் போவார்கள்; அடுத்த அளவீட்டில் 85ஆவது வண்டியின் வேகம் இன்னும் ஏறியிருக்கும்; அதைப் பார்த்து மறுபடியும் வரம்பை உயர்த்த வேண்டியிருக்கும். இது ஒன்று. மற்றது, இந்த வாக்கெடுப்பில் காருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. ஓரத்தில் நடப்பவரையும், குறுக்கே கடப்பவரையும், சைக்கிளில் வருபவரையும் யாரும் கேட்பதில்லை. எனவே நகர்ப்பகுதிச் சாலைகளில் இதை மட்டுமே நம்பி எண் எழுதுவதை இன்று பல நாடுகளில் கைவிட்டு வருகிறார்கள்.

உங்கள் சாலையில் நடப்பவர்களே இல்லை என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில், முன்னால் நின்ற பஸ்ஸைத் தாண்டுவதற்காகத்தான் அன்று வேகம் எடுத்தேன் என்கிறீர்கள். அப்படியானால் அங்கே பஸ் நிறுத்தம் இருக்கிறது. காலையில் ஒரு பக்கம் பஸ் ஏறுகிறவர், மாலையில் திரும்பும்போது எதிர்ப்பக்கத்தில்தான் இறங்குவார். அப்படியென்றால் அவர் நாளுக்கு ஒரு முறையாவது உங்கள் நான்கு தடங்களையும் நடந்து கடந்தாக வேண்டும். சாலை அகலமானதால் உங்கள் பயணம் எளிதாயிற்று, அவருடைய நடை நீண்டுவிட்டது. அவர் உங்கள் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் காலெடுத்து வைக்கிறார். எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதை நேர் எதிரே இருந்து கணிப்பது கடினம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் கடினம்.

50க்கும் 64க்கும் இடையே

ஒரு சின்னக் கணக்கு. காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 50 கி.மீ. என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். இது விழிப்பாக இருப்பவருக்கான தாராளமான கணக்கு. உலர்ந்த சாலையில், நல்ல பிரேக்கோடு, அந்த வண்டி நிற்க இன்னொரு 14 மீட்டர். ஆக 28 மீட்டரில் வண்டி நின்றுவிடும்.

அதே இடத்தில், அதே பிரேக்கோடு, நீங்கள் 64இல் வருகிறீர்கள். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 18 மீட்டர் போய்விட்டது. மீதமிருப்பது 10 மீட்டர்தான். முதல் வண்டி முழுதாக நின்ற அந்தப் புள்ளியில் உங்கள் வண்டி எந்த வேகத்தில் இருக்கும்? பலரிடம் கேட்டிருக்கிறேன். ‘14 கி.மீ. அதிகம் வந்தோம், ஆகவே ஒரு 14 இருக்கும்’ என்பார்கள். விடை 48. வரம்புக்குள் வந்தவர் தொடாமலே நின்ற இடத்தில், நீங்கள் கிட்டத்தட்ட வரம்பின் முழு வேகத்தோடு மோதுவீர்கள்.

‘இன்றைய பிரேக்’ என்ற உங்கள் வாதத்தையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன். இரண்டு வண்டிகளுக்கும் இன்னும் சிறந்த பிரேக் கொடுத்தால், 48 என்பது 50 ஆகிறது! பிரேக் மோசமானதால் அல்ல. 50இல் வந்தவர் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடுகிறார். உங்களுக்கோ அந்த 18 மீட்டர் அப்படியேதான் கழிகிறது. எந்த நிறுவனத்தின் பிரேக்காக இருந்தாலும் உங்கள் கால் அதைத் தொட்ட பிறகுதான் வேலை செய்யும்.

இதற்கு எதிரே நீங்கள் மிச்சப்படுத்துவது என்ன? அந்த 6 கி.மீ.யை 50இல் கடக்க 7 நிமிடம் 12 வினாடி. 64இல் கடந்தால் சுமார் 5 நிமிடம் 38 வினாடி. ஒன்றரை நிமிடம் லாபம், அதுவும் வழியில் ஒரு சிக்னலும் சிவப்பில் நிற்காமல் இருந்தால்.

22 ஆண்டுகளாக விபத்து இல்லை என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடுமையான விபத்து என்பது ஒரு தனி மனிதரின் வாழ்வில் மிக அரிதாக நிகழ்வது. திறமைசாலிக்கும் நடக்காமல் போகலாம், முரட்டுத்தனமாக ஓட்டுகிறவருக்கும் நடக்காமல் போகலாம். உங்கள் பதிவேட்டைப் பார்த்து நீங்கள் எந்த வகை என்று என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. பலகையும் உங்கள் திறமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வெளியே வரப்போகிறவருக்கு உங்கள் திறமை தெரியாது. பலகை அவர் சார்பில் நிற்கிறது.

ஊர் ஓடினால்?

மெதுவாகப் போகிறவர்தான் ஆபத்து என்ற எண்ணத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1964இல் அமெரிக்காவில் சாலமன் என்பவர் கிராமப்புறப் பெருஞ்சாலைகளை ஆராய்ந்து, சராசரி வேகத்தை விட மிகக் குறைவாகப் போனவர்களும் மிக அதிகமாகப் போனவர்களும் விபத்தில் அதிகம் சிக்குகிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். உலகம் முழுக்க வேகப் பிரியர்கள் அந்த வரைபடத்தில் மெதுவானவர்களைக் காட்டும் இடது பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒரு குறையைச் சுட்டினார்கள்: திரும்புவதற்காகவும் நிறுத்துவதற்காகவும் வேகம் குறைத்த வண்டிகளும் அந்த ‘மெதுவான’ கணக்கில் கலந்திருந்தன.

1997இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வெளியான ஆய்வு உங்கள் சாலைக்கு நெருக்கமானது. அங்கே வரம்பு 60. அதற்கு மேல் ஒவ்வொரு 5 கி.மீ. கூடும்போதும், யாரேனும் காயப்படும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. வரம்புக்குக் கீழே மெதுவாகப் போனவர்களுக்கு அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். எல்லோரும் 110இல் போகும் விரைவுச் சாலையில் ஒருவர் 50இல் ஊர்ந்தால் அது உண்மையாகவே ஆபத்து. உங்கள் சாலை அது அல்ல. அங்கே மகள் 50இல் போகும்போது பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கிறார் என்றால், வேக வேறுபாட்டை உண்டாக்கியவர் அவர்.

ஜெர்மனி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தலைப்பில் வரும் பத்துக் கடிதங்களில் எட்டில் ஜெர்மனி இருக்கும். அங்கே வரம்பில்லாதது ஆட்டோபான் எனும் விரைவுச் சாலைகளின் பல பகுதிகளில் மட்டும். அங்கே நடப்பவர் இல்லை, சைக்கிள் இல்லை, குறுக்குச் சாலை இல்லை. அங்கும் 1978 முதல் 130 என்ற பரிந்துரை வேகம் உண்டு. அதைத் தாண்டிப் போனவர், விபத்துக்குக் காரணம் பிறராகவே இருந்தாலும், இழப்பீட்டில் ஒரு பங்கைச் சுமக்க நேரிடலாம். அதே ஜெர்மனியில் ஊருக்குள் பொது வரம்பு என்ன தெரியுமா? 50.

‘ஓட்டுநரின் விவேகத்துக்கே விட்டுவிடலாமே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் 1995 டிசம்பரிலிருந்து பகலில் கார்களுக்கு எண் வரம்பே இல்லாமல், ‘நியாயமான, விவேகமான வேகம்’ என்ற சட்டத்தை மட்டும் வைத்திருந்தது. மணிக்கு 85 மைலில், அதாவது 137 கி.மீ. வேகத்தில் போன ஒருவருக்கு அபராதம் விதித்தார்கள். எது நியாயமான வேகம் என்று நான் எப்படி முன்கூட்டி அறிவது என்று அவர் வழக்குப் போட்டார். 1998இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: சட்டம் தெளிவற்றது, செல்லாது. அடுத்த ஆண்டே எண் பலகைகள் திரும்பி வந்தன. எண் இருப்பது ஓட்டுநருக்கும் ஒரு பாதுகாப்பு. எதற்குத் தண்டனை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அபராதத்தை எதிர்த்து வழக்காடலாமா

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கடைசி முடிவை உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டு எடுங்கள். ஆனால் எது வாதமாக நிற்கும், எது நிற்காது என்பது பெரும்பாலும் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

நிற்காதவை: எல்லோரும் அப்படித்தான் போனார்கள், சாலை காலியாக இருந்தது, வரம்பு அநியாயம். வேகக் குற்றத்தில் உங்கள் நோக்கம் என்ன என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை.

நிற்கக்கூடியவை: பலகை உரிய இடத்தில், மரக்கிளை மறைக்காமல், கண்ணில் படும்படி இருந்ததா, சாலையை மறுபடி கட்டிய பிறகும் அந்த வரம்புக்கான ஆணை செல்லுபடியாகிறதா, கேமராவை அளவு சரிபார்த்த சான்று காலாவதியாகாமல் இருந்ததா, படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா. இவற்றின் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை பல நாடுகளில் உண்டு. பதில் கொடுக்கக் கெடு இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். பணத்தைக் கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பல இடங்களில் பொருள்படும். உரிமம் ஊசலாடும் நிலையில் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வசூல் நோக்கம் என்ற சந்தேகத்தை நான் முழுவதுமாகத் தள்ளிவிடவில்லை. வரம்பு 80இலிருந்து 50ஆக இறங்கும் பலகைக்குச் சில அடிகள் தள்ளிக் கேமரா நின்றால் அது பிடிப்பதற்காக வைத்ததுதான். உங்கள் கடிதப்படி கேமரா 6 கி.மீ.யின் நடுவில், பஸ் நிறுத்தத்துக்கு அருகே இருக்கிறது. அதை நான் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

இனி ஸ்பீடோமீட்டர். பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. விதி 39இன்படி, மீட்டர் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் காரில் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 60இலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் ஓடும். கேமரா 64 என்றால் உங்கள் கண் ஏமாந்திருக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். அப்போதுதான் கடைசிப் பக்கத்தில், போன ஆண்டு ‘கம்பீரமாக இருக்கட்டும்’ என்று பெரிய டயர்கள் மாட்டினேன் என்ற வரி கண்ணில் பட்டது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதைக் கொண்டுதான் மீட்டர் வேகத்தைக் கணிக்கிறது. டயரின் விட்டம் ஏழு சதவீதம் கூடினால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஏழு சதவீதம் அதிகத் தூரம் போகும். மீட்டர் 60 என்னும். வண்டி 64இல் ஓடும். நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் டயரை மாற்றியவர் நீங்கள் என்பதால், இது குற்றத்தை நீக்கும் காரணமாகாது; தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது உதவலாம்.

அதோடு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வரம்பு 50. மீட்டரில் 60 வைத்துக்கொண்டு ‘தாண்டவில்லை’ என்கிறீர்களே, நடுவில் இருக்கும் 10 யார் கொடுத்தது? சில இடங்களில் கேமராவின் அளவீட்டுப் பிழைக்காகச் சிறிது கழித்துக்கொள்வார்கள். அது கருவிக்கான சலுகை.

உண்மையிலேயே வரம்பு தவறு என்று நினைத்தால்

உங்கள் கோபத்தின் நியாயமான பாதி இங்கே இருக்கிறது. அகலமான தடங்கள், நேரான பார்வை, நடுத்தடுப்பு எல்லாம் சேர்ந்து ஓட்டுநரின் காலை அழுத்தச் சொல்கின்றன. சாலை 80 என்று சொல்ல, பலகை 50 என்று சொன்னால், மனிதர்கள் சாலையைத்தான் கேட்பார்கள். அப்படி ஒரு சாலையைக் கட்டிவிட்டு மூலையில் ஒரு எண்ணை நட்டுவைத்தது என் போன்றவர்களின் பிழை. நெதர்லாந்தில் ‘தன்னைத்தானே விளக்கும் சாலை’ என்று ஒரு கொள்கையே வைத்திருக்கிறார்கள்: பலகையைப் பார்க்காமலே எவ்வளவு வேகம் என்று ஓட்டுநருக்குப் புரிய வேண்டும்.

சாலையைப் பராமரிக்கும் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். அகலப்படுத்திய பிறகு வரம்பை மறுஆய்வு செய்தார்களா, எப்போது? நெரிசலற்ற நேர வேக அளவீடு இருக்கிறதா? கடந்த ஐந்து ஆண்டில் அந்த 6 கி.மீ.யில் எங்கெங்கே, யார் யாருக்கு விபத்து? பஸ் நிறுத்தங்கள் இல்லாத பகுதிக்குத் தனி வரம்பு வைக்க முடியுமா? பக்கத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்களிடமும் கையொப்பம் கேளுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதே ஒரு ஆய்வு. ஓர் எச்சரிக்கை: மனுவின் விளைவாக எண் உயராமல், தடங்கள் குறுகலாம், நடந்து கடப்பவர் நின்றுகொள்ள நடுவில் மேடை வரலாம், கேமரா இரண்டாகலாம். முடிவு உங்கள் விருப்பப்படிதான் வர வேண்டும் என்றால் மனு போடாதீர்கள்.

மகளைப் பற்றி. பழகுநர் உரிமக்காரி செய்தது சரி. இறங்கிப் போனது அதைவிடச் சரி. பதற்றத்தோடு ஓட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குச் சொல்லித்தர உங்களிடம் வேறு விஷயங்கள் இருக்கின்றன. திரும்பும் தேவை இல்லாதபோது மெதுவான தடத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால், வேகத்தைக் கூட்டாமல், முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். அப்போது அவள் மெதுவாகப் பிரேக் போடலாம், பின்னவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும். ஹாரனுக்குப் பதில் சொல்லும் கடமை எந்த ஓட்டுநருக்கும் கிடையாது.

மன்னிப்புக் கேட்பதா என்பது உங்கள் வீட்டு விஷயம். வேண்டுமானால் அந்த 28 மீட்டர் கணக்கை அவளையே போடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.

வழக்கறிஞரிடம் போவதற்கு முன்னால் ஒரு வேலை. பழைய டயரின் அளவு காரின் கையேட்டில் இருக்கும், புதியதன் அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். இரண்டையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் மீட்டர் எவ்வளவு பொய் சொல்கிறது என்று கணக்கிட்டுத் தருகிறேன்.